முன்பாரம் குறைத்தல்: பழைய மசில் கார்களின் மூக்கு எடை பற்றி ஓர் அறிமுகம்

மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றுகிறவர்கள் ‘முன்பாரம்’, ‘பின்பாரம்’ என்னும் இரண்டு சொற்களைப் பயன்படுத்துவார்கள். நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தினால் முன்பாரம். நுகத்தடி மேலே எழும்பினால் பின்பாரம். இரண்டுக்கும் தீர்வு பெரும்பாலும் மூட்டையைக் குறைப்பதன்று, அதே மூட்டையைச் சற்று முன்னோ பின்னோ நகர்த்தி வைப்பதுதான். 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் உருவான மசில் கார்கள், அந்த வண்டிக்காரர்களின் சொல்லில், கடுமையான முன்பாரம் கொண்டவை. அந்த முன்பாரம் எப்படி வந்தது, அது காரை என்ன செய்கிறது, அதைக் குறைக்க விரும்புகிறவர் எங்கே தொடங்க வேண்டும் என்பதை இயந்திரவியல் பயிற்சி இல்லாதவர்களும் புரிந்துகொள்ளும்படி இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

மசில் கார் என்பதன் அடிப்படைச் சூத்திரம் எளியது: நடுத்தர அளவுள்ள ஒரு காரில், பெரிய கார்களுக்கென்று செய்த எஞ்சினைப் பொருத்துவது. 1964ஆம் ஆண்டின் போன்டியாக் ஜி.டி.ஓ. இந்தச் சூத்திரத்தைப் புகழ்பெறச் செய்தது. அதில் 389 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 6.4 லிட்டர் கொள்ளளவுள்ள வி8 எஞ்சின் (எட்டு சிலிண்டர்கள் இரண்டு வரிசையாக ‘V’ வடிவில் அமைந்தது) இருந்தது. அக்காலத்து வி8 எஞ்சின்களில் எஞ்சினின் உடலான பிளாக், அதன் மேல் மூடிபோல அமரும் சிலிண்டர் ஹெட், காற்றும் எரிபொருளும் உள்ளே செல்லும் இன்டேக் மேனிஃபோல்ட், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் ஆகிய அனைத்தும் பெரும்பாலும் வார்ப்பிரும்பால் ஆனவை. வார்ப்பிரும்பு மலிவானது, உறுதியானது. ஆனால் ஒரே கன அளவுக்கு அலுமினியத்தைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் எடையுள்ளது.

ஃபோர்டு மஸ்டாங்கை எடுத்துக்கொண்டால் சிக்கல் தெளிவாகத் தெரியும். 1964இல் அது அறிமுகமானபோது அதன் முன்பகுதி சிறிய எஞ்சின்களுக்காகவே வடிவமைக்கப்பட்டிருந்தது. அதில் பொருத்தப்பட்ட 289 கன அங்குல வி8 எஞ்சினின் எடை ஏறத்தாழ 210 கிலோ. போட்டி நிறுவனங்களின் பெரிய எஞ்சின்களுக்கு ஈடுகொடுப்பதற்காக 1967இல் காரை அகலப்படுத்தி, எஃப்.இ. என்னும் தன் பெரிய எஞ்சின் வகையைச் சேர்ந்த 390 கன அங்குல எஞ்சினை ஃபோர்டு உள்ளே நுழைத்தது. அதன் எடை 300 கிலோவை நெருங்கும். கூடுதலாக வந்த 80, 90 கிலோவில் மிகப் பெரும்பகுதி முன்சக்கரங்களின் மீதே அமர்ந்தது; பின்பக்கத்தில் அதற்கு ஈடாக எதுவும் சேரவில்லை. பெரிய எஞ்சின் பூட்டிய இத்தகைய கார்களில் மொத்த எடையின் 57 முதல் 60 விழுக்காடு வரை முன்அச்சில் நிற்பது வழக்கமாயிற்று.

முன்பாரத்தின் விளைவுகளுள் முதன்மையானது வளைவுகளில் தெரியும். ஒரு டயரின் மீது சுமை கூடும்போது அதன் பிடிப்பும் கூடுகிறது. ஆனால் சுமை கூடுகிற அதே விகிதத்தில் கூடுவதில்லை. சுமை இருமடங்கானால் பிடிப்பு இருமடங்குக்குச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். இதனால் அதிகச் சுமை தாங்கும் முன்டயர்கள், பின்டயர்களுக்கு முன்பே தம் எல்லையைத் தொட்டுவிடுகின்றன. ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் வளைவின் வெளிப்புறம் நோக்கியே வழுக்கிச் செல்லும் இந்நிலையைத்தான் அண்டர்ஸ்டீர் என்கிறார்கள். நேர்ச்சாலையில் வேறொரு குறை உண்டு. இந்தக் கார்களை உந்துவன பின்சக்கரங்கள். அவற்றின் மீது போதிய சுமை இல்லாதபோது 300க்கு மேற்பட்ட குதிரைத்திறனில் பெரும்பகுதி டயர் புகையாகப் போய்விடுகிறது. பிரேக்கை மிதிக்கும்போது மூக்கு மேலும் தாழ்வதும், பவர் ஸ்டீயரிங் இல்லாத காரை நிறுத்துமிடத்தில் திருப்புவதற்குள் தோள்பட்டை வலிப்பதும் இதே காரணத்தால்தான்.

இனி இதன் மையமான கருத்துக்கு வருவோம். எவ்வளவு எடையைக் குறைத்தோம் என்பதைப் போலவே, அதை எந்த இடத்திலிருந்து குறைத்தோம் என்பதும் முக்கியம். காரை இரண்டு தாங்கிகளின் மேல் கிடத்திய ஒரு நீண்ட பலகையாகக் கற்பனை செய்துகொள்ளலாம். தாங்கிகள் இரண்டும் முன்அச்சும் பின்அச்சும் ஆகும். 1960களின் மஸ்டாங்கில் இவற்றுக்கிடையே உள்ள தூரம் 108 அங்குலம், அதாவது 2.74 மீட்டர். முன்அச்சுக்கு நேர்மேலே இருக்கும் 20 கிலோ பொருளைக் கழற்றினால் முன்அச்சில் சரியாக 20 கிலோ குறையும். அதே 20 கிலோ, இரு அச்சுகளுக்கும் இடையில் முன்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், ஏறத்தாழ கியர்பாக்ஸ் இருக்கும் பகுதியில் இருந்தால், அதைக் கழற்றும்போது முன்அச்சில் 13 கிலோவும் பின்அச்சில் 7 கிலோவும் குறையும். அது பம்பர்போல முன்அச்சுக்கு 90 சென்டிமீட்டர் முன்னால் தொங்கிக்கொண்டிருந்தால் கணக்கு இன்னும் சுவையானதாகிறது: முன்அச்சில் ஏறத்தாழ 27 கிலோ குறையும், பின்அச்சில் 7 கிலோ கூடும். நுனியில் தொங்கும் எடை நெம்புகோல்போலச் செயல்பட்டுப் பின்பக்கத்தைச் சற்றே தூக்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்தவுடன் பின்பக்கம் தன் முழு எடையோடு தரையில் அமர்கிறது.

இந்த ஒரு கணக்கைப் புரிந்துகொண்டவருக்கு, எந்தப் பாகத்தில் பணத்தைச் செலவிட வேண்டும் என்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். முன்அச்சுக்கு முன்னாலும் எஞ்சினின் உச்சியிலும் இருக்கும் இரும்பைக் குறைப்பது முதல் தரம். எஞ்சினுக்குப் பின்னால் இருப்பதைக் குறைப்பது இரண்டாம் தரம். உச்சி என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. உயரத்தில் உள்ள எடை காரின் ஈர்ப்பு மையத்தை உயர்த்துகிறது. அது உயர்ந்தால் வளைவில் கார் சாய்வதும் அதிகமாகும்.

எதையும் கழற்றுவதற்கு முன் காரை எடைபோட வேண்டும். பந்தயக்காரர்கள் நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனித் தராசு வைப்பார்கள். தொடக்க நிலையில் அது தேவையில்லை. லாரிகளை நிறுக்கும் எடைமேடை ஒன்று போதும். முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு முறையும், காரை முழுவதுமாக ஏற்றி ஒரு முறையும் நிறுத்துக் குறித்துக்கொண்டால், கழித்தலில் பின்அச்சின் எடை கிடைத்துவிடும். பெட்ரோல் தொட்டியில் எவ்வளவு இருந்தது, ஓட்டுநர் உள்ளே இருந்தாரா என்பதையும் எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை எடுக்கும் அளவை இதனோடு ஒப்பிடவே முடியாது. எடைமேடைக்குப் போகாமலே பாகங்களை வாங்கத் தொடங்குகிறவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

இந்தக் கலை புதிதன்று. மசில் கார்களின் காலத்திலேயே உற்பத்தியாளர்கள் இதைச் செய்தார்கள். 1964ஆம் ஆண்டின் ஃபோர்டு ஃபேர்லேன் தண்டர்போல்ட் நேர்ப்பாதைப் பந்தயத்துக்கென்றே 100 கார்கள் மட்டும் செய்யப்பட்ட வகை. அதன் பானெட்டும் முன் மட்கார்டுகளும் கண்ணாடி இழையால் ஆனவை. பேட்டரி டிக்கிக்குப் போயிற்று. 1965இல் கேரல் ஷெல்பியின் நிறுவனம் மஸ்டாங்கை ஜி.டி.350 ஆக மாற்றியபோது அலுமினிய இன்டேக் மேனிஃபோல்டையும், வார்ப்பிரும்புக்குப் பதிலாகக் குழாய்களால் ஆன எக்ஸாஸ்ட்டையும், கண்ணாடி இழை பானெட்டையும் பொருத்தியது. ஷெவ்ரலே 1969இல் கமாரோ இசட்.எல்.1 என்ற பெயரில் இதன் உச்சத்தையே தொட்டது. அதன் 427 கன அங்குல எஞ்சினில் ஹெட் மட்டுமன்றிப் பிளாக்கும் அலுமினியம். 7 லிட்டர் எஞ்சின், சிறிய வார்ப்பிரும்பு வி8 ஒன்றின் எடையையே கொண்டிருந்தது. எஞ்சினுக்கு மட்டுமே 4,000 டாலருக்கு மேல் கூடுதல் விலை என்பதால் 69 கார்களோடு அது நின்றுபோனது. இன்று அந்த அளவுக்குச் செலவு செய்யாமலேயே பெரும்பகுதிப் பலனைப் பெறலாம்.

மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய மாற்றத்தைத் தருவது பேட்டரியை டிக்கிக்கு மாற்றுவதுதான். மஸ்டாங்கில் பேட்டரி ரேடியேட்டருக்கு அருகில், முன்அச்சுக்கு முன்னால் இருக்கிறது. தாங்கும் தட்டோடும் பட்டையோடும் சேர்த்து அதன் எடை 20 கிலோ என்றும், அது முன்அச்சுக்கு அரை மீட்டர் முன்னால் இருக்கிறது என்றும், புதிய இடம் பின்அச்சுக்கு 60 சென்டிமீட்டர் பின்னால் என்றும் வைத்துக்கொள்வோம். மேலே கண்ட நெம்புகோல் கணக்கின்படி முன்அச்சில் 28 கிலோ குறைந்து, பின்அச்சில் அதே 28 கிலோ கூடுகிறது. நகர்ந்த பொருள் 20 கிலோதான். நகர்ந்த சுமையோ 28 கிலோ. மொத்த எடையில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. உண்மையில், முன்னிருந்து பின்வரை ஓடும் தடித்த செம்புக் கேபிள் இரண்டு மூன்று கிலோவைக் கூட்டவே செய்யும். ஆனாலும் இந்த வேலை செய்யத் தக்கதே.

செய்யும் முறையில்தான் கவனம் வேண்டும். சாதாரண ஈய அமிலப் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயுவையும் அமில ஆவியையும் வெளியிடும். ஜி.டி.350இன் தொடக்கக் கார்களில் பேட்டரி டிக்கியில்தான் இருந்தது; உள்ளே அமில நெடி வருகிறது என்று வாடிக்கையாளர்கள் முறையிட்டதால், பின்னர் வந்த கார்களில் அது மீண்டும் முன்னுக்கே திரும்பியது. ஆகவே, காருக்கு வெளியே காற்றுக்குழாய் செல்லும் மூடிய பெட்டியோ, அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும், நன்றாக மூடப்பட்ட ஏ.ஜி.எம். வகைப் பேட்டரியோ அவசியம். பேட்டரியை வெறும் பட்டையால் கட்டாமல், காரின் உடலோடு போல்ட்டுகளால் இறுக்க வேண்டும். கேபிள் தகட்டுத் துளைகளின் வழியே செல்லும் ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். பேட்டரிக்கு மிக அருகிலேயே ஒரு ஃபியூஸ் இருக்க வேண்டும். கார் முழு நீளத்துக்கும் ஓடும் கேபிளின் உறை எங்கேயாவது தேய்ந்து உடலைத் தொட்டால், ஃபியூஸ் இல்லாத கார் நிமிடங்களில் தீப்பிடிக்கும். அமெரிக்காவின் நேர்ப்பாதைப் பந்தயங்களை நடத்தும் என்.ஹெச்.ஆர்.ஏ. அமைப்பு, பேட்டரியை இடம் மாற்றிய காரின் பின்புறத்தில் வெளியிலிருந்து எட்டக்கூடிய மின்துண்டிப்பு ஸ்விட்ச் இருக்க வேண்டும் என்று விதித்திருப்பது இதனால்தான்.

அடுத்தது எஞ்சினின் மேற்பகுதி. இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து தொடங்குவதே முறை. ஏனெனில் எஞ்சினைத் திறக்காமலேயே மாற்றக்கூடிய பெரிய பாகம் அதுதான். ஃபோர்டு எஃப்.இ. எஞ்சினில் இது தனிச்சிறப்பு வாய்ந்தது. மற்ற வி8 எஞ்சின்களில் மேனிஃபோல்ட் இரண்டு ஹெட்டுகளுக்கும் நடுவில் அடங்கிவிடும், எஃப்.இ.யில் அது வால்வு மூடிகளுக்கு அடியிலும் நீண்டு, ஹெட்டின் ஒரு பகுதியாகவே செயல்படுகிறது. இதனால் வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் மட்டும் 35 கிலோவைத் தாண்டும். அதைத் தனியாகத் தூக்கி இறக்க முயன்ற பலர் முதுகைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அலுமினியத்துக்கு மாறினால் ஏறத்தாழ பாதி எடை, அதாவது 18 கிலோ அளவு மிச்சமாகும். காற்றோட்டமும் பெரும்பாலும் மேம்படும். தோற்றம் மாறக்கூடாது என்று நினைக்கிறவர்கள் புதிய மேனிஃபோல்டுக்கு எஞ்சினின் பழைய வண்ணத்தையே அடித்துவிடுகிறார்கள். கூர்ந்து பார்த்தாலன்றி வேறுபாடு தெரியாது.

சிலிண்டர் ஹெட்டுகளை அலுமினியத்துக்கு மாற்றினால் எஞ்சினின் அளவைப் பொறுத்து ஜோடிக்கு 20 முதல் 30 கிலோ வரை குறையும். அலுமினியம் வெப்பத்தை விரைவாகக் கடத்துவதால், அதே பெட்ரோலில் சற்றுக் கூடுதலான கம்ப்ரஷன் விகிதத்தையும் (சிலிண்டருக்குள் எரிபொருள் கலவை அழுத்தப்படும் அளவு) தாங்கும். ஆனால் இது பெரிய வேலை, பெரிய செலவு. இரும்புப் பிளாக்கும் அலுமினிய ஹெட்டும் வெவ்வேறு அளவில் விரிவதால், இரண்டுக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் அதற்கேற்றதாக வேண்டும். இரு உலோகங்களுக்கிடையே அரிப்பு ஏற்படாமல் இருக்க ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை விட்டு, அரிப்புத் தடுப்பான் கலந்த கூலன்ட்டைப் பயன்படுத்த வேண்டும். ஸ்பார்க் பிளக்கை அளவுக்கு மீறி முறுக்கினால் அலுமினிய மரை பிய்ந்துவிடும். எடைக்காக மட்டும் ஹெட்டை மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எஞ்சினைப் புதுப்பிக்கும் வேலை எப்படியும் வரும்போது சேர்த்துச் செய்வதே சிக்கனம்.

சிறிய பாகங்களை விரைவாகக் கடந்துவிடலாம். குழாய் எக்ஸாஸ்ட் 8 கிலோ வரையிலும், அலுமினிய வாட்டர் பம்ப் 3 கிலோவும், உள்ளே கியர் வைத்த புதிய சிறிய ஸ்டார்ட்டர் மோட்டார் 4 கிலோவும், அலுமினிய ரேடியேட்டர் இரண்டு மூன்று கிலோவும் குறைக்கும். ஏர்கண்டிஷனர் உள்ள கார்களில் கம்ப்ரசரைப் பார்க்க வேண்டும். ஜி.எம். கார்களில் வந்த ஏ6 என்னும் பழைய கம்ப்ரசர் 15 கிலோ அளவுள்ள உருளை. இன்றைய சிறிய கம்ப்ரசர்கள் அதில் ஏறத்தாழ பாதி எடையே உள்ளவை. எடை குறைக்கிறேன் என்று ஏர்கண்டிஷனரையே கழற்றிப்போட்டு, வெயிற்காலம் முழுவதும் காரை எடுக்காமல் வைத்திருப்பதைவிடக் கம்ப்ரசரை மாற்றுவது அறிவுடைமை.

இரும்புத் தகட்டு பானெட் 25 கிலோவும் அதற்கு மேலும் இருக்கும். கண்ணாடி இழை பானெட் அதில் பாதி. இங்கே புதியவர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு. பழைய பானெட்டின் கீல்களில் உள்ள வலுவான ஸ்பிரிங்குகள், கனமான இரும்பைத் தூக்கிப் பிடிப்பதற்காக அமைந்தவை. அவற்றின் மீது இலகுவான இழை பானெட்டைப் பொருத்தினால், மூடும்போது அது நடுவில் வளைந்து, நாளடைவில் கீல்களுக்கு அருகில் விரிசல் விடும். ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும், அல்லது கீல்களை நீக்கி நான்கு மூலையிலும் பூட்டூசி (pin) வைத்துப் பூட்டும் முறைக்குப் போக வேண்டும். பூட்டூசி இல்லாத இழை பானெட், வேகத்தில் காற்றழுத்தத்தால் பிய்த்துக்கொண்டு முன்கண்ணாடியில் மோதும் ஆபத்தும் உண்டு.

பம்பரைப் பொறுத்தவரை ஆண்டைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க அரசின் விதிப்படி, 1973ஆம் ஆண்டு மாடல்களின் முன்பம்பர்கள் மணிக்கு 5 மைல் வேக மோதலைத் தாங்க வேண்டியிருந்தது. அதனால் அவ்வாண்டு முதல் பம்பர்களும் அவற்றைத் தாங்கும் அமைப்புகளும் மிகக் கனமாயின. அந்த எடை முழுவதும் காரின் நுனியில், நெம்புகோலின் மிக மோசமான இடத்தில் தொங்குகிறது. முந்தைய ஆண்டுகளின் மெல்லிய குரோம் பம்பர்களில் அவ்வளவு லாபமில்லை. சாலையில் ஓடும் காரில் பம்பரை முற்றிலும் நீக்குவது பாதுகாப்புக்கும், பல இடங்களில் சட்டத்துக்கும் எதிரானது. அதுபோலவே, சஸ்பென்ஷனைத் தாங்கும் தகடுகளிலும் சேஸிஸிலும் துளையிட்டு எடை குறைப்பதும் கூடாது. 1963இல் போன்டியாக் சில பந்தயக் கார்களின் சேஸிஸ் முழுவதும் வட்டத் துளைகள் போட்டு அவற்றுக்கு ‘ஸ்விஸ் சீஸ்’ என்ற பட்டப்பெயரே வந்தது. அவை கால் மைல் தூரம் நேராக ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை. முன்பிரேக்கின் எடையைக் குறைக்கச் சிறிய பிரேக்குக்கு மாறுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்க்கலாம். 1,600 கிலோ எடையும் 58 விழுக்காடு முன்பாரமும் உள்ள காரில் முன்அச்சு 928 கிலோ தாங்குகிறது. மேனிஃபோல்டு, ஹெட்டுகள், எக்ஸாஸ்ட், பம்ப், ஸ்டார்ட்டர், ரேடியேட்டர், பானெட் ஆகியவற்றால் 70 கிலோ குறைந்து, அது முழுவதும் முன்அச்சிலேயே குறைவதாகக் கொண்டால், மொத்தம் 1,530 கிலோவும் முன்அச்சு 858 கிலோவும் ஆகும். அது 56 விழுக்காடு. இதன் பின் பேட்டரியையும் டிக்கிக்கு மாற்றியவுடன் முன்அச்சு 830 கிலோவாகி, பங்கு 54 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. ஏழு பாகங்களை மாற்றி இரண்டு விழுக்காடு. ஒரு பேட்டரியை நகர்த்தி ஏறத்தாழ இன்னும் இரண்டு விழுக்காடு. எஞ்சினையே மாற்றத் துணிகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய மாற்றம் கிடைக்கும்: 300 கிலோவைத் தாண்டும் ஷெவ்ரலேயின் பழைய பெரிய வி8 இருந்த இடத்தில், 1997இல் கார்வெட்டில் அறிமுகமான எல்.எஸ்.1 போன்ற அலுமினிய எஞ்சினை வைத்தால் ஒரே வீச்சில் 100 கிலோ போய்விடும். அது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

எடை குறைந்த பிறகு செய்ய வேண்டிய வேலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முன்ஸ்பிரிங்குகள் பழைய எடைக்காக அமைந்தவை. சக்கரத்தை ஒரு சென்டிமீட்டர் அழுத்த 18 கிலோ தேவைப்படும் ஸ்பிரிங் அமைப்பில், ஒரு பக்கத்துக்கு 35 கிலோ குறைந்தால் மூக்கு ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் உயரும். பார்ப்பதற்கு அழகில்லை என்பதோடு நிற்பதில்லை. உயரம் மாறும்போது சக்கரங்கள் நிற்கும் கோணங்களும் மாறுவதால், வீல் அலைன்மென்ட் கெட்டு டயர் ஒரு பக்கமாகத் தேயும். அதே காரின் சிறிய எஞ்சின் மாடலுக்கான ஸ்பிரிங்குகளைப் பொருத்துவது எளிய தீர்வு. அதன்பின் அலைன்மென்ட் பார்த்து, ஆளில்லாத இடத்தில் பிரேக்கையும் சோதித்து, பின்சக்கரங்கள் முன்னதாகப் பூட்டிக்கொள்கின்றனவா என்று கவனித்த பிறகே காரை மீண்டும் எடைமேடைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். பெட்ரோல் அளவும் ஓட்டுநரும் முதல் முறை இருந்தபடியே இருக்க வேண்டும்.

கழற்றிய இரும்புப் பாகங்களைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட வேண்டாம். அவற்றின் மீது வார்க்கப்பட்டிருக்கும் எண்களும் தேதிக் குறியீடுகளும் அந்தக் கார் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே இருந்தது என்பதற்குச் சான்று; சேகரிப்பாளர்கள் அதற்காகவே கூடுதல் விலை தருகிறார்கள். எண்ணெய் தடவி, பொட்டலம் கட்டி, எந்தக் காரிலிருந்து எந்தத் தேதியில் கழற்றியது என்று சீட்டு எழுதி ஒட்டி, கேரேஜின் ஒரு மூலையில் வைத்துவிடலாம். அங்கே அந்த 35 கிலோ மேனிஃபோல்ட் யாருடைய வளைவையும் கெடுக்கப்போவதில்லை.